முன்பு வாழ்ந்த நாட்டுக்குப் பழைய நண்பர்களைப் பார்க்கத் திரும்பிப் போகிறீர்களா? முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டில் சில வருடம் இருந்து, வேலை பார்த்து, நாலு பேரோடு நன்றாகப் பழகி, பிறகு கிளம்பி வந்துவிட்டவர்கள் மறுபடி அங்கே போய் நண்பர்களைப் பார்க்கலாம் என்று முடிவெடுத்ததும் செய்யும் முதல் காரியம் டிக்கெட் போடுவது. முதல் தப்பும் அதுதான். டிக்கெட் போட்டபின் எல்லாமே அந்தத் தேதிகளுக்குள் திணிக்க வேண்டிய சாமானாக மாறிவிடுகிறது, நண்பர்கள் உட்பட.

நான் இப்படி நான்கு முறை போயிருக்கிறேன். முதல் முறை சொதப்பினேன், இரண்டாவது முறை வேறு மாதிரி சொதப்பினேன், மூன்றாவதில்தான் வரிசை பிடிபட்டது. அப்புறம் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேருக்குத் திட்டம் போட உதவியதில், எல்லோரும் தடுக்கி விழுகிற இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று தெரிந்தது. கீழே இருப்பதை இதே வரிசையில் செய்யுங்கள். கிளம்ப நான்கு மாதம் இருக்கும்போது ஆரம்பித்தால் போதும். விசா வாங்க வேண்டிய நாடு என்றால் ஆறு மாதம்.

ஒரே ஒரு விஷயத்தை மறக்காதீர்கள், பாதி சிக்கல் அதில்தான் பிறக்கிறது: உங்களுக்கு அது விடுமுறை, அவர்களுக்கு அது இன்னொரு செவ்வாய்க்கிழமை.

1. முதலில் பெயர்களை எழுதுங்கள்

போனைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு தாளில் எழுதுங்கள். நினைவில் தானாக வருகிற பெயர்கள் மட்டும். போனைத் திறந்தால் யார் அடிக்கடி படம் போடுகிறாரோ அவர் மேலே வருவார், யாரோடு ராத்திரி இரண்டு மணி வரை பேசிக்கொண்டிருந்தீர்களோ அவர் எங்கேயோ அடியில் இருப்பார். தாள் முடிந்தபிறகு போனைப் பார்த்து, விட்டுப்போனவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு மூன்றாகப் பிரியுங்கள். பார்க்காமல் வந்தால் போனதே வீண் என்கிறவர்கள், இவர்கள் நான்கைந்து பேருக்கு மேல் இருக்க முடியாது. பார்த்தால் சந்தோஷம் என்கிறவர்கள், இவர்களை ஒரே இடத்தில் ஒன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். மிச்சமுள்ளவர்களுக்கு ஒரு போன் போதும்.

முதல் முறை போனபோது நான் பிரிக்கவே இல்லை. 9 நாளில் 17 பேரைப் பார்த்தேன். யாரிடம் என்ன பேசினேன் என்று இன்றைக்குக் கேட்டால் சொல்லத் தெரியாது. யார் வீட்டிலிருந்து கிளம்பும்போது மணி பார்த்தேன் என்பது மட்டும் எல்லா வீட்டுக்கும் நினைவிருக்கிறது.

முதல் பட்டியலில் கடமைக்காக யாரையும் சேர்க்காதீர்கள். பழைய மேலாளர், வாடகைக்கு வீடு தந்தவர், இவர்களை விட்டுவிட்டால் தப்பாக நினைப்பார்களே என்று தோன்றும். அநேகமாக அவர்கள் உங்களை அவ்வளவு நினைத்துக்கொண்டிருக்கவில்லை.

2. டிக்கெட்டுக்கு முன்பே பேச்சைத் தொடங்குங்கள்

முதல் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். குழுவில் ஒரே செய்தியாகப் போட்டால் ஆளாளுக்கு ஒரு கைதட்டல் பொம்மை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், யாரும் தேதி சொல்லமாட்டார்கள். எல்லோருக்கும் பொதுவாக வரும் அழைப்பு யாருடைய கேலண்டரிலும் ஏறாது.

செய்தி சின்னதாக இருக்கட்டும். "மார்ச்சிலோ ஏப்ரலிலோ பத்து நாள் அங்கே வரலாம் என்று நினைக்கிறேன். உன்னைப் பார்ப்பது இந்தப் பயணத்துக்கு முக்கியமான காரணம். இன்னும் டிக்கெட் போடவில்லை, உனக்கு எந்த மாதம் தோதுப்படும்?" இவ்வளவுதான். இதில் வேலை செய்கிற வாக்கியம் "இன்னும் டிக்கெட் போடவில்லை" என்பது. அவர் பதிலால் ஏதோ மாறப்போகிறது என்று தெரிந்தால்தான் பதில் வரும். "எப்போது வேண்டுமானாலும் சரி" என்று எழுதினால் கேட்க மரியாதையாக இருக்கும், ஆனால் யோசிக்கிற வேலை முழுவதையும் அவர் தலையில் கட்டுகிறீர்கள்.

ஐந்தாறு வருடம் பேசாமலே இருந்துவிட்டீர்களா? ஒரு வரியில் ஒத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போங்கள். ஒரு பக்கத்துக்கு மன்னிப்பு எழுதினால், அவர் முதலில் உங்களைத் தேற்ற வேண்டும், பிறகுதான் பயணத்தைப் பற்றிப் பேச முடியும். பல பேர் தேற்றத் தெம்பில்லாமல் அந்தச் செய்தியை அப்படியே விட்டுவிடுவார்கள்.

பழைய எண்ணுக்கு அனுப்பும்போது ஒரு எச்சரிக்கை. கைவிட்ட போன் எண்ணை நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அமெரிக்காவில் அதற்கு 45 நாள் இடைவெளி விட்டால் போதும் என்பது விதி. வாட்ஸ்அப் கணக்கும் 120 நாள் தொடர்பில்லாமல் கிடந்தால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். ஆகவே அந்த எண்ணில் இப்போது இருப்பது யாரோ ஒருவராக இருக்கலாம். இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒரு விஷயத்தைக் கேட்டு ஆள் அவர்தான் என்று உறுதி செய்துகொண்டு, பிறகு பயணத் தேதிகளைச் சொல்லுங்கள்.

இனி இந்தப் படியிலேயே முக்கியமானது. எல்லோரையும் தெரிந்த ஒரு நண்பரைப் பிடித்து ஒரே கேள்வி கேளுங்கள்: "நான் தெரிந்துகொண்டு வரவேண்டியது ஏதாவது இருக்கிறதா?" யார் பிரிந்துவிட்டார்கள், யாருக்கு யாரோடு பேச்சு இல்லை, யாருக்கு வேலை போயிற்று, யார் இறந்துவிட்டார்கள். இரண்டாவது முறை போனபோது நான் இதைக் கேட்கவில்லை. ஒரு தோழியின் வீட்டு வாசலில் கதவு திறந்த வேகத்தில், எங்கே அவர், இன்னும் ஆபீஸ் விட்டு வரவில்லையா என்று அவள் கணவரைப் பற்றிக் கேட்டேன். அவர் இறந்துபோய் 14 மாதம் ஆகியிருந்தது. எனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். மாட்டுவதற்காக வாங்கிய என் கோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள், கொக்கி அவள் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு போன் செய்திருந்தால் அந்த நிமிஷம் நடந்திருக்காது.

3. தேதியை அவர்கள் முடிவு செய்யட்டும்

முதல் பட்டியலில் மூன்று பேருக்குத் தோதான வாரம் கிடைத்தால் அதையே எடுங்கள். ஐந்து பேருக்கும் ஒத்துவரும் வாரம் என்று ஒன்று கிடையாது, அதற்காகக் காத்திருந்தால் வருடம் ஓடிவிடும்.

இரண்டு வார இறுதிகள் உள்ளே வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவர் வாரநாளில் உங்களுக்குத் தரக்கூடியது சாயங்காலத்தில் இரண்டு மணி நேரம், அதுவும் களைப்போடு. பத்து நாள் பயணத்தில் ஒரு வார இறுதி இருப்பதற்கும் இரண்டு இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய பாதிப் பயணம்.

நீண்ட விடுமுறைக் காலத்தில் போனால் எல்லோரும் சும்மா இருப்பார்கள் என்று ஒரு கணக்கு போடுவோம். தப்பு. அந்த நேரத்தில் அவர்களும் ஊரில் இருக்கமாட்டார்கள்.

விமானத்தில் எத்தனை நேர மண்டலம் தாண்டுகிறீர்கள் என்று எண்ணுங்கள். உடம்பு பழக, தோராயமாக மண்டலத்துக்கு ஒரு நாள் ஆகும். நம் உடம்பின் கடிகாரம் இயல்பாகவே 24 மணியைவிடக் கொஞ்சம் நீளம், அதனால் நாள் நீளுகிற மேற்குப் பயணத்தைவிட நாள் சுருங்குகிற கிழக்குப் பயணம் கஷ்டம். கிழக்கே போகிறீர்கள் என்றால் முதல் இரண்டு நாளில் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். நண்பர் மனம்விட்டுப் பேசும்போது எதிரில் உட்கார்ந்து கொட்டாவியை அடக்குவது இரண்டு பேருக்கும் அவமானம்.

4. நீங்கள் இப்போது அந்த நாட்டு ஆள் இல்லை: தாள்களைச் சரிபாருங்கள்

இங்கேதான் பழையவர்கள் புதியவர்களைவிட மோசமாக மாட்டுகிறார்கள். முதல் தடவை போகிறவர் விதிகளைப் படித்துவிட்டுப் போவார். அங்கேயே வாழ்ந்தவர், எனக்குத் தெரியாததா என்று படிக்கமாட்டார். அவருக்குத் தெரிந்தது அவர் கிளம்பிய வருடத்து விதி.

முதலில் பாஸ்போர்ட். பல நாடுகள் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு, அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகு 3 மாதம் மிச்சம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் கடந்த 10 வருடத்துக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

அடுத்தது, கையில் வைத்திருக்கும் பழைய குடியிருப்பு அட்டை. அதில் அச்சடித்திருக்கும் தேதி இன்னும் முடியவில்லை என்பதால் அது உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. பிரிட்டனில் காலவரையற்ற குடியிருப்பு அனுமதி, தொடர்ந்து 2 வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாகக் காலாவதி. ஐக்கிய அரபு அமீரகத்தின் வழக்கமான குடியிருப்பு விசாவுக்கு 6 மாதம்தான் கணக்கு. அமெரிக்க கிரீன் கார்டை, மறுநுழைவு அனுமதி இல்லாமல் ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் வெளியே இருந்தபின் திரும்பி நுழையக் காட்ட முடியாது. சிங்கப்பூரில் நிரந்தரவாசி என்றால் மறுநுழைவு அனுமதி நடப்பில் இருக்க வேண்டும். கனடா 5 வருடத்தில் 730 நாள் அங்கே இருந்தீர்களா என்று எண்ணும். பிளாஸ்டிக் அட்டையே போய்விட்ட இடமும் உண்டு: பிரிட்டன் 2024 இறுதியோடு குடியிருப்பு அட்டைகளைக் கைவிட்டு இ-விசாவுக்கு மாறிவிட்டது.

செத்துப்போன அட்டையை நம்பிக் கிளம்பினால் குடியேற்ற மேஜையில் நிற்கும்போதுதான் தெரியும், சில சமயம் விமானமே ஏற்றாது. உங்கள் அட்டையின் நிலை சந்தேகம் என்றால் முறைப்படி ஒப்படைத்துவிட்டு விருந்தாளி விசாவில் போவது நிம்மதி. கிரீன் கார்டை ஒப்படைக்க ஐ-407 என்றே ஒரு படிவம் இருக்கிறது. ஆனால் ஒப்படைத்தது திரும்ப வராது, ஆகவே அவசரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த நாட்டுக் குடியுரிமையே வாங்கியிருந்தீர்கள் என்றால் கதை வேறு. அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர் அமெரிக்க பாஸ்போர்ட்டோடுதான் நுழைய வேண்டும், அலமாரியில் அது காலாவதியாகிக் கிடக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

விருந்தாளிக்கு நாள் கணக்கு உண்டு. ஷெங்கனில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான், நுழைந்த நாளும் கிளம்பிய நாளும் சேர்த்து. 2025 அக்டோபர் 12 முதல் அங்கே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக கைரேகையும் முகப்படமும் எடுத்துப் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள், நாட்களை இனி இயந்திரமே எண்ணும். முன்பு எப்போதாவது விசா முடிந்தும் தங்கியிருந்தால் அது பதிவில் இருக்கும். படிவத்தில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். தங்கியதைவிட மறைத்ததுதான் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளப்படும்.

மருத்துவக் காப்பீடு எடுங்கள். இதையும் பழையவர்கள்தான் விடுகிறார்கள். இங்கிலாந்தில் எத்தனை வருடம் வரி கட்டியிருந்தாலும், இப்போது அங்கே வசிக்கவில்லை என்றால் பெரும்பாலான மருத்துவமனை சிகிச்சைக்குக் கட்டணம் கேட்பார்கள். அங்கே இருந்தபோது பழகிய மருத்துவர் இன்னும் இருக்கலாம், அவருடைய நோயாளிப் பட்டியலில் நீங்கள் இல்லை.

5. இப்போது டிக்கெட், பிறகு தங்குமிடம்

டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுக்க முடிந்தால் எடுங்கள். நீங்கள் போவது மனிதர்களுக்காக, மனிதர்களுக்குக் காய்ச்சல் வரும்.

நண்பர் வீட்டிலேயே தங்கலாமா? தங்கலாம், இரண்டு மூன்று ராத்திரி. அதற்கு மேல் வேண்டாம். அவர் கூப்பிட்டது மனதார என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கடைசியாக நீங்கள் அங்கே தங்கியபோது அவருக்கு வயது 30, வீட்டில் ஒரு சோபா இருந்தது. இப்போது அந்த அறையில் ஒரு பிள்ளை படிக்கிறது, நீங்கள் வந்தால் அது பெட்டி படுக்கையோடு கூடத்துக்கு வர வேண்டும். இன்னொன்று, ஒருவர் வீட்டில் தங்கிக்கொண்டு மற்ற நண்பர்களைப் பார்க்கத் தினமும் வெளியே போய் நடுராத்திரி திரும்பினால், வீட்டுக்காரருக்கு நாம் சத்திரம் நடத்துகிறோமா என்று தோன்றத்தான் செய்யும்.

தங்கும் இடத்தைப் பழைய குடியிருப்புக்குப் பக்கத்தில் பார்க்கத்தான் கை போகும். அங்கே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நண்பர்கள் எல்லோரும் ஊரின் வேறு வேறு மூலைக்கு நகர்ந்திருப்பார்கள். அவர்களுடைய இப்போதைய முகவரிகளை வரைபடத்தில் குத்தி, நடுவில் ரயிலோ பஸ்ஸோ நன்றாகக் கிடைக்கிற இடத்தில் போடுங்கள்.

6. நாட்களைக் கட்டம் போடுங்கள், பாதியை வெறுமையாக விடுங்கள்

ஒவ்வொரு நாளையும் காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று கட்டமாக்குங்கள். ஒரு நாளில் ஒரு கட்டம்தான் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் பின்பற்றினால்கூட மற்றதெல்லாம் ஓரளவு சரியாகிவிடும்.

காரணம் எளியது. பழைய நண்பர்களோடு உண்மையான பேச்சு முதல் ஒரு மணி நேரத்தில் வராது. முதல் மணி நேரம் வேலை, பிள்ளைகள், யார் எங்கே என்கிற கணக்கொப்பிப்பு. பிறகு ஒரு சின்ன மௌனம் வரும், அதைத் தாண்டி யாராவது ஒருவர் "ஆனால் உண்மையைச் சொல்லணும் என்றால்..." என்று ஆரம்பிப்பார். அந்த நேரத்தில் உங்களுக்கு அடுத்த சந்திப்பு ஊரின் மறுகோடியில் இருந்தால் அதோடு முடிந்தது. அவர் உங்கள் கண் கடிகாரத்துக்குப் போவதைப் பார்த்துவிட்டு, சரி சரி நீ கிளம்பு என்பார்.

வெறுமையான கட்டங்கள் வெறுமையாகவே இருக்கமாட்டா. "நாளைக்கும் வாயேன்" என்று யாராவது சொல்வார்கள். அப்படிச் சொல்ல வைப்பதற்குத்தான் அந்த இடத்தை விட்டு வைக்கிறோம். முழுதாக நிரம்பிய அட்டவணையோடு வருகிறவரை யாரும் மறுபடி கூப்பிடமாட்டார்கள்.

மிக முக்கியமானவரை முதல் பாதியில் வையுங்கள். கடைசி நாளுக்குத் தள்ளினால், அவருக்கு அன்று முடியாமல் போனால் மாற்று நாள் இல்லை. கூட்டமாகச் சந்திப்பதை நடுவில் வையுங்கள். அங்கே வருகிறவர்களில் ஒருவரோ இருவரோ தனியாகப் பேச வேண்டும் என்பார்கள், அதற்குப் பின்னால் நாள் இருக்க வேண்டும். கூட்டத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று முடிவெடுக்கும்போது இரண்டாம் படியில் கேட்டுத் தெரிந்ததைப் பயன்படுத்துங்கள். பிரிந்துபோன தம்பதியை ஒரே மேஜைக்கு அழைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு அவர்கள் பிரிந்தது தெரியும், சேர்த்து வைக்கலாம் என்று நினைத்தாராம்.

7. போன், பணம், பவர் பேங்க்

பழைய சிம்மை நம்ப வேண்டாம். எண் போயிருக்கும், போகாவிட்டாலும் நெட்வொர்க் போயிருக்கலாம்: பல நாடுகள் 3ஜி சேவையை நிறுத்திவிட்டன, ஆஸ்திரேலியாவில் அது 2024-இல் முழுவதுமாக நின்றது. அப்படிப்பட்ட நாட்டில் 4ஜி வழியாகக் குரல் அழைப்பு செய்யத் தெரியாத பழைய போன் வெறும் கேமராதான். இ-சிம் ஒன்றைக் கிளம்பும் முன்பே போட்டு வைத்துவிடுங்கள்.

அங்கே இன்னும் வங்கிக் கணக்கு இருந்தால், ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது என்று கிளம்பும் முன்பே சோதியுங்கள். நான் சோதிக்காமல் போனேன். கிளைக்கு நேரில் போனால் முடிந்துவிடும் என்று நினைத்தேன், கிளையே அங்கே இல்லை, அந்த இடத்தில் வேறு கடை இருந்தது.

பழைய ரூபாய் நோட்டு போல அந்த நாட்டுப் பணம் ஒரு கவரில் வைத்திருப்பீர்களே, அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிரிட்டனின் காகித 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடையில் செல்லாது. சுவிட்சர்லாந்தின் எட்டாம் வரிசை நோட்டுகள் 2021 ஏப்ரல் 30-க்குப் பிறகு செல்லாது. இரண்டையும் அந்தந்த மத்திய வங்கி மாற்றித் தரும், ஆனால் நடுராத்திரி டாக்சிக்காரர் தரமாட்டார்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் போட்டால் எடுக்கச் சொல்வார்கள். 100 வாட்-மணிக்குள் இருந்தால் பொதுவாகக் கேள்வி வராது.

8. கையில் என்ன கொண்டுபோவது

சின்னதாக. பெரிய பரிசு கொடுத்தால் அவர் பதிலுக்கு என்ன தருவது என்று யோசிக்க வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்து நன்றாக எடுபட்டது இரண்டுதான். ஒன்று, அந்தக் காலத்தில் நீங்கள் எடுத்த, அவரிடம் இல்லாத ஒரு படத்தை அச்சுப் போட்டுக் கொண்டுபோவது. போனில் அனுப்பினால் ஒரு நொடி பார்ப்பார். தாளில் கொடுத்தால் திருப்பிப் பார்ப்பார், பின்னால் தேதி எழுதியிருக்கிறதா என்று தேடுவார், வீட்டில் உள்ளவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

இன்னொன்று, வாங்கி வந்து திருப்பிக் கொடுக்காத பொருள். எல்லோர் வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். ஒரு நண்பருக்கு நான் 9 வருடம் கழித்து ஒரு ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் சிரித்த சிரிப்பு எந்தப் பரிசுக்கும் வராது.

9. எதிரில் உட்கார்ந்தபிறகு

"நீ மாறவே இல்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். மாறியிருப்பார். அதற்குள் அவர் பட்ட பாட்டை ஒரே வாக்கியத்தில் இல்லை என்று ஆக்குகிறீர்கள்.

ஊர் மாறிவிட்டதைப் பற்றிப் புலம்புவதை அளவோடு வையுங்கள். முன்பு இங்கே அது இருந்தது, இது இருந்தது, இப்போது கெட்டுப்போய்விட்டது என்று விட்டுப்போனவர் சொன்னால், இருக்கிறவர் அந்த ஊருக்கு வக்கீலாக மாறுவார். அவர் தினமும் வாழ்கிற இடம் அது. அவரே புலம்பினால் கேட்டுக்கொள்ளுங்கள், கூட ஏற்றிவிடாதீர்கள்.

உங்கள் கதையைச் சுருக்குங்கள். நீங்கள் அதே கதையை நாலாவது வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள், அதற்குள் அது மெருகேறி மேடைப்பேச்சு மாதிரி ஆகியிருக்கும், கேட்கிறவருக்கு அது தெரிந்துவிடும். ஒரு கேள்வி எனக்கு எப்போதும் கை கொடுத்திருக்கிறது: "நான் கிளம்பினபிறகு நீ புதிதாகச் செய்ய ஆரம்பித்தது என்ன?" பழைய கதையை மட்டும் பேசினால் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், நீங்கள் இல்லாத வருடங்கள்தான் உங்களுக்குத் தெரியாத பகுதி.

மொழி துருப்பிடித்திருக்கும். வார்த்தை வராமல் தடுமாறினால் கவலைப்படாதீர்கள், இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் திரும்பி வரும். அதற்காகத்தான் முதல் சந்திப்பை மிக எளிமையாகப் பழகுகிற ஒருவரோடு வைக்கச் சொல்வேன்.

வீட்டில் உள்ள மற்றவர்களைப் பாருங்கள். நண்பரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் நீங்கள் யாரோ. நீங்கள் இருவரும் அவர்களுக்குப் புரியாத பெயர்களைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தால், அரை மணி நேரத்தில் அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். இடையிடையே கதையை அவர்களுக்காகவும் சொல்லுங்கள்.

சண்டை போட்டுப் பிரிந்த ஒருவரைப் பார்க்கிறீர்கள் என்றால், பழைய சண்டையை நீங்களாக எடுக்காதீர்கள். அவர் எடுத்தால் பேசுங்கள். சந்திக்க ஒத்துக்கொண்டதே பல சமயம் அவர் சொல்ல வந்த பதில்.

10. பழைய வீட்டுக்குத் தனியாகப் போங்கள்

நண்பரைக் கூட்டிக்கொண்டு போனால் அவருக்கு அது வெறும் கட்டடம், ஐந்து நிமிஷத்தில் போரடிக்கும், நீங்கள் அவசரப்படுவீர்கள். ஒரு வெறுமையான காலைக் கட்டத்தில் தனியாகப் போய் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். அழைப்பு மணியை அழுத்தாதீர்கள். இப்போது அங்கே இருப்பவருக்கு நீங்கள் அடையாளம் தெரியாத ஒருவர், வீட்டைப் படமெடுத்துக்கொண்டு வேறு நிற்கிறீர்கள். நான் நுழைவாயிலில் பழைய எண்களை அழுத்திப் பார்த்தேன். விரல் மறக்கவில்லை, கதவு மறந்துவிட்டது. உள்ளேயிருந்து ஒருவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்த பார்வையில் நான் மெதுவாக நகர்ந்துவிட்டேன்.

11. பார்க்க முடியாதவர்களுக்கு

இறந்தவர் இருந்தால் அடக்கமான இடத்துக்கோ நினைவிடத்துக்கோ போக ஒரு கட்டம் ஒதுக்குங்கள். முன்பே குடும்பத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சிலர் கூட வருவார்கள், சிலருக்கு நீங்கள் போவது தெரிந்தால் போதும்.

பதிலே சொல்லாத நண்பருக்கு இரண்டு முறை எழுதுங்கள், கிளம்பும் முன் ஒன்று, ஊர் சேர்ந்தபிறகு ஒன்று. மூன்றாவது வேண்டாம், வாசலில் போய் நிற்பது வேண்டவே வேண்டாம். பதில் வராததற்குக் காரணம் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.

12. கடைசி நாளும் வந்தபிறகும்

கடைசி நாளில் சந்திப்பு எதுவும் வைக்காதீர்கள். விமான நிலையத்தில் வழியனுப்ப வருகிறேன் என்பவரை, முடிந்தால், முந்தின நாளே விடைபெற்றுவிடச் சொல்லுங்கள். பெட்டி எடை போடும் வரிசையில் நின்றுகொண்டு பிரியாவிடை சொல்வது யாருக்கும் சரியாக வராது.

விமானம் ஏறும் முன்போ ஏறியபிறகோ குறித்துக்கொள்ளுங்கள்: யாருக்கு என்ன அனுப்புவதாகச் சொன்னீர்கள், யாருடைய பிள்ளைக்கு எப்போது பரீட்சை, யாருக்கு எந்தத் தேதியில் அறுவை சிகிச்சை. தூங்கி எழுந்தால் பாதி போய்விடும். வீட்டுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் சொன்னதை அனுப்பிவிடுங்கள், படங்களை மொத்தமாகக் கொட்டாமல் ஒவ்வொருவருக்கும் அவரவர் இருக்கும் இரண்டு மூன்றை மட்டும்.

அறுவை சிகிச்சைத் தேதியைக் கேலண்டரில் அவர் ஊர் நேரப்படி போட்டு வையுங்கள். அமெரிக்காவும் ஐரோப்பாவும் கடிகாரத்தை ஒரே நாளில் மாற்றுவதில்லை, அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. நடுவில் இரண்டு மூன்று வாரம் உங்கள் மனக்கணக்கு ஒரு மணி நேரம் தப்பும், அவர் மயக்கம் தெளிந்து கண் திறப்பதற்கு முன்பே நீங்கள் போன் அடித்துவிடுவீர்கள்.